ஊர்ச் சங்கத்தில் ரெண்டு லட்சம் இருக்கிறது: பத்தாம் வகுப்புப் பரிசா, பால்வாடியா?

கல்லல்காரன் எழுதியது:
வணக்கம். ஊர்க் கூட்டத்தில் பேசிப் பேசி வாய் வலித்துப்போய் இங்கே வந்து கொட்டுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில், கண்மாயை ஒட்டி, நூற்றுச் சொச்சம் வீடு. செட்டியார் வீடு பதினான்கு, அதில் பன்னிரண்டு பூட்டிக் கிடக்கிறது. மற்றதெல்லாம் கூலிக் குடும்பங்கள். புதுவயல் அரிசி ஆலைக்குப் போகிறவர்கள் பாதி, கரிமூட்டம் போடுகிறவர்களும் கொத்து வேலைக்குப் போகிறவர்களும் மீதி. நான் ஒரு ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற ஊர்க்காரர்கள் சேர்ந்து இந்த வருஷம் சங்கத்துக்கு ரெண்டு லட்சம் அனுப்பியிருக்கிறார்கள், ‘பிள்ளைகள் படிப்புக்கு’ என்று சொல்லி.

பத்தாம் வகுப்பில் முதல் மூன்று பேருக்குப் பணமும் ஷீல்டும் என்று ஒரு கட்சி. அப்புறம் ஒருவர், ஊர் எல்லையில் வளைவு கட்டலாம், மேலே திருவள்ளுவரை உட்கார வைத்துவிட்டால் அதுவும் கல்விக் கணக்கில் வந்துவிடும் என்றார், சத்தியமாகச் சொன்னார். நான் பால்வாடிக்குச் செலவழிக்கலாம் என்றேன். சிரித்துவிட்டார்கள். ‘சோறு தின்னுட்டுத் தூங்குற பிள்ளைகளுக்கு ரெண்டு லட்சமா?’

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஆறு வருஷத்தில் எங்கள் ஊரில் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். எல்லாரும் எட்டு முடித்தோ ஒன்பதில் பாதியிலோ நின்றவர்கள். அதில் ஐந்து பேர் பால்வாடிப் பக்கமே போகாதவர்கள், அம்மா ஆலைக்கோ மூட்டத்துக்கோ போகும்போது இடுப்பிலேயே போனவர்கள். ஏழு பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கு எதையும் சொல்லிவிட முடியாது, தெரியும். ஆனால் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சிங்கைவாசி எழுதியது:
அண்ணே, அந்த ரெண்டு லட்சத்தில் என் காசும் இருக்கிறது, அதனால் கோபமில்லாமல் கேட்கிறேன். பால்வாடி அரசாங்கத்தின் வேலை இல்லையா? ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்றே தொடங்கியாகிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 54,439 அங்கன்வாடி மையம். டீச்சருக்கும் ஆயாவுக்கும் சம்பளம், வாரம் மூணு முட்டை, சத்துமாவு எல்லாம் அங்கிருந்தே வருகிறது. நாம் போய் அதில் காசைப் போட்டால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நம் பக்கம் ஒன்றாம் வகுப்பில் சேராத பிள்ளை அநேகமாக இல்லை. ஓட்டை ஒன்பது, பத்தில்தான். ஓட்டை இருக்கிற இடத்தில்தானே அடைக்க வேண்டும்? என் அப்பா பத்தாவதில் நின்றவர். அன்றைக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க ஆள் இருந்திருந்தால் படித்திருப்பார். அதை நினைத்துத்தான் வருஷா வருஷம் அனுப்புகிறேன்.

வளைவுக் கட்சி எழுதியது:
திருவள்ளுவர் யோசனை நல்ல யோசனைதான். ஏன் சிரிக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

ஓய்வு வாத்தியார் எழுதியது:
தம்பி சிங்கைவாசி கேட்டது நியாயமான கேள்வி. ஓட்டை ஒன்பதில் தெரிகிறது, சரி. விழுந்த இடம் எது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1986-லிருந்து 2017 வரை ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தேன், பெரும்பாலும் தேவகோட்டைப் பக்கம். அதில் பதினெட்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு. எந்த வாத்தியாரும் கேட்டு வாங்காத வகுப்பு.

ஜூன் மாதம் முதல் நாள் பேர் கூப்பிடுவேன். வீட்டில் ‘குட்டியா’, ‘கருப்பா’ என்றே கூப்பிட்டு வளர்ந்த பையனுக்கு, பதிவேட்டில் இருக்கிற பெயர் தன்னுடையது என்றே தெரியாது. மூன்று தடவை கூப்பிட்டாலும் சும்மா உட்கார்ந்திருப்பான், பக்கத்துப் பையன் முழங்கையால் இடிக்க வேண்டும். பால்வாடிக்குப் போய் வந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் இரண்டு வருஷப் பழக்கம், ‘உள்ளேன் ஐயா’ என்று கூரை அதிரக் கத்தும். எழுத்துக்கு வருவதற்கு முன்னாலேயே இப்படி ரெண்டு வரிசை ஆகிவிடும்.

2006-ல் ஒரு பையன். ஒன்றுக்கு வந்தால் கேட்டுவிட்டு வெளியே போகலாம் என்று அவனுக்குத் தெரியாது, கால்சட்டையிலேயே போய்விட்டான். நாற்பது பிள்ளைகள் சிரித்தன. எனக்கு அப்போது இருபது வருஷ சர்வீஸ், ஆனாலும் அந்த நிமிஷம் கை ஓடவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அவன் அம்மா இழுத்துக்கொண்டு வந்து விட்டபோது மற்றவர்கள் அம்மா, ஆடு, இலை எல்லாம் தாண்டிப் போயிருந்தார்கள். அதன் பிறகு அவன் வாரத்தில் ரெண்டு நாள் மட்டம். எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்தி வைப்பதில்லையே, அதனால் ஒவ்வொரு ஜூனிலும் அடுத்த வகுப்புக்கு நகர்ந்துகொண்டே இருந்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனவன், அறிவியல் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறான். தீபாவளிக்கு முன் நின்றுவிட்டான். பதிவேட்டில் காரணம் ‘குடும்ப வறுமை’ என்று எழுதியிருப்பார்கள், அப்படித்தான் எழுதுவோம். அவனுக்கு ஒன்பதில் ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பியே சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம் சீமைக்காரர்களுக்குப் புரியும். மீசை முளைக்கும் முன்பே பர்மாவுக்கு வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறினார்கள் என்று செட்டிப் பிள்ளைகளைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பையனுக்கு வாய்பாடும் வட்டிக் கணக்கும் நாலு வயசிலேயே வீட்டு முகப்பில் காதில் விழுந்திருக்கும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், இவன் மடியில் கிடப்பான். அவனுடைய பால்வாடி அது.

புள்ளிவிவரப் பித்தன் எழுதியது:
வாத்தியார் ஐயா சொன்னதற்கு வெளிநாட்டில் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். நான் பொருளியல் மாணவன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்று ஒரு ஊர். 1962-லிருந்து 67 வரை அங்கே ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேரை எடுத்து, 58 பேரை மூன்று, நான்கு வயசில் பெர்ரி என்கிற பள்ளியில் சேர்த்தார்கள். மீதிப் பேரைச் சேர்க்கவில்லை. தினம் ரெண்டரை மணி நேரம் பள்ளி, வாரம் ஒரு தடவை டீச்சர் வீட்டுக்கு வந்து அம்மாவோடு பேசிவிட்டுப் போவார், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், படித்த பிள்ளைகளுக்கு முதலில் ஏறிய புத்திக்கூர்மை மதிப்பெண் சில வருஷத்திலேயே கரைந்துவிட்டது. ‘பணம் தண்டம்’ என்றுதான் அப்போது நினைத்திருப்பார்கள். விடாமல் நாற்பது வயசு வரை பின்தொடர்ந்து பார்த்ததில், பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் பெர்ரிக்குப் போன பக்கம் 77 சதவீதம், போகாத பக்கம் 60. நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன் வருஷக்கணக்காக இந்தக் கணக்கைத்தான் குடைந்துகொண்டிருக்கிறார்.

ஜமைக்காவில் 1986, 87-ல், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து இதே மாதிரி ஒரு ஆராய்ச்சி. சில வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண் போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து அம்மாவையும் பிள்ளையையும் விளையாடப் பழக்குவார். ரெண்டு வருஷம் இப்படி. இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பளம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல்.

சிங்கைவாசி எழுதியது:
தம்பி, ஒரு கேள்வி. அந்த அமெரிக்கப் பள்ளியில் ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை?

புள்ளிவிவரப் பித்தன் எழுதியது:
ஐந்து, ஆறு. சரி அண்ணே, மாட்டிவிட்டீர்கள். ஆனால் நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 320 அங்கன்வாடிகளில் பார்த்தார்கள். பாதி மையங்களுக்குக் கூடுதலாக அரை நாள் வேலைக்கு ஒரு ஆளைப் போட்டார்கள், கற்றுக்கொடுக்க மட்டும். பதினெட்டு மாதத்தில் பாடம் நடக்கிற நேரம் ரெண்டு மடங்கு ஆகிவிட்டது, பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் நன்றாக முன்னேறினார்கள். வளர்ச்சி குன்றுவதும் குறைந்தது, ஏனென்றால் பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் வீடுகளுக்குப் போகவும் நேரம் கிடைத்தது. கட்டடமோ டிவியோ கிடையாது, ஒரே ஒரு ஆள்.

பொன்னமராவதி டீச்சர் எழுதியது:
அந்த ஆராய்ச்சிக்காரர்கள் என்னைக் கேட்டிருந்தால் காசு செலவில்லாமல் சொல்லியிருப்பேன்.

நான் அங்கன்வாடிப் பணியாளர், பதினாறு வருஷமாக. ‘சோறு தின்னுட்டுத் தூங்குற இடம்’ என்றதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் காட்டமாக இருந்தால் மன்னிக்கவும். இருபத்திரண்டு பிள்ளைகள். ஆயா அடுப்படியில் நிற்பார், நடுவில் ஒன்றரை வருஷம் அந்த ஆயாவும் இல்லை, நானே உலை வைத்தேன். எடை, உயரம், பதிவேடு, அதையே மறுபடியும் போனில் ஏற்ற வேண்டும், சிக்னல் இல்லையென்றால் போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேலே ஏற வேண்டும். கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போகணும். போலியோ சொட்டு, வாக்காளர் பட்டியல். இதற்கு நடுவில் பாட்டு, கதை, வண்ணம்.

ஆனாலும் நடக்கிறது. போன வருஷம் மூட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று வந்தது, நாலு வயசு, வாயே திறக்காது. ஒரு நாள் அடுப்புக்கு விறகு வந்து இறங்கியது. இது போய் உட்கார்ந்து ஈரக்கட்டை தனியாக, காய்ந்தது தனியாக, பருத்தது தனியாக, சுள்ளி தனியாக நாலு குவியல் போட்டுவிட்டது. யாரும் சொல்லவில்லை. அதைத்தான் நாங்கள் ‘வகைப்படுத்துதல்’ என்று ஒரு மாதம் முழுக்கக் கலர் அட்டையை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுக்கிறோம்! வாத்தியார் ஐயா செட்டி வீட்டு முகப்பைச் சொன்னார், மூட்டத்திலும் காதில் விழ, கண்ணில் பட இருக்கிறது. அதைப் பார்த்து ‘அட, நீ கெட்டிக்காரி’ என்று சொல்ல ஆள்தான் வேண்டும். மறுநாளிலிருந்து அது புளியங்கொட்டை எண்ணும்போது என் மடியிலேதான் இருந்தது.

எங்களுக்கு எதிரி மஞ்சள் வேன். மூன்றரை வயசு ஆனதும் வேன் வந்து எல்கேஜிக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். மகளிர் குழுவில் லோன் போட்டு அனுப்புவார்கள், விரல் வலிக்க ஏபிசிடி எழுதிவிட்டு வரும் பிள்ளை. ரெண்டு வருஷத்தில் பணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்குத் திரும்பும், அதற்குள் அங்கேயும் ஒட்டாமல் இங்கேயும் ஒட்டாமல் ஆகிவிடும். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி ஆரம்பித்தார்கள். அது 2,381 மையத்தில்தான், எங்கள் மையம் அதில் இல்லை. ‘எல்கேஜி’ என்று ஒரு போர்டு இருந்தாலே பாதிப் பேர் வேனில் ஏற மாட்டார்கள், நாங்கள் நடத்துவது அதேதான் என்றாலும்.

என் அம்மா 1991-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்தவர், சைக்கிளும் அப்போதுதான் ஓட்டினார். தனக்குக் கையெழுத்து வந்த பிறகுதான் என்னை ஒரு நாள்கூட மட்டம் போட விடவில்லை.

மூட்டக்காரன் மகன் எழுதியது:
இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘மூட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை’ என்று டீச்சரம்மா எழுதியதைப் பார்த்ததும் பேர் பதிந்துவிட்டு வந்தேன்.

சீமைக்கருவேலங்காட்டை அப்பா வெட்டுக்கு எடுப்பார். வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, தீ வைத்துவிட்டு நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டும். மூட்டத்தில் எங்காவது ஓட்டை விழுந்து காற்றுப் போனால் கரி முழுக்கச் சாம்பல், போட்ட காசு போச்சு. அதனால் ராத்திரியும் அம்மா, அப்பா மாறி மாறி முழித்திருப்பார்கள். ஒரு காடு முடிந்தால் அடுத்த காடு. நான் பிறந்தபோது அக்காவுக்கு எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு. மரக்கிளையில் சேலையைக் கட்டித் தொட்டில், நான் அதில், அக்கா கீழே உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பாள். புகை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு ஏற்றபடி தொட்டிலை மரம் மாற்றிக் கட்டுவாள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

முதலில் வாரம் ஒரு நாள் மட்டம் போட்டாள். அப்புறம் ரெண்டு, மூணு. நாலாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டாள். அவளை யாரும் ‘போகாதே’ என்று சொல்லவில்லை, தம்பியை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லை, அவ்வளவுதான். எனக்கு மூன்று வயசு ஆனபோது நாங்கள் ஒரு ஊர் ஓரமாக மூட்டம் போட்டிருந்தோம், அங்கே பால்வாடி இருந்தது. ஆயா ஒருவர் வந்து, பேர் இந்த ஊரில் இல்லாவிட்டால் என்ன, விட்டுட்டுப் போம்மா என்று என்னை வாங்கிக்கொண்டார். நான் ஐடிஐ முடித்து இப்போது வேலையில் இருக்கிறேன். அக்கா அந்த மூன்று வருஷத்தில் போனவள் போனவள்தான், திரும்பப் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள், பதினொரு வயசில் நாலாம் வகுப்பில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

கல்லல்காரன் அண்ணன் அந்த ஏழு பேர் பட்டியலை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். அதில் பொம்பளைப் பிள்ளை எத்தனை, அவர்களுக்குக் கீழே தம்பி தங்கை எத்தனை என்று.

கல்லல்காரன் எழுதியது:
பார்த்தேன் தம்பி. நாலு பெண்கள். மூன்று பேருக்குக் கீழே கைப்பிள்ளை இருந்திருக்கிறது. பட்டியல் போட்டவன் நான், எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

சிங்கைவாசி எழுதியது:
நான் ரெண்டு நாளாக எதுவும் எழுதவில்லை. சரி அண்ணே, என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். பரிசு முழுக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கொஞ்சமாவது இருக்கட்டும், அப்பா பேரில் ஒன்று வைக்க ஆசை.

கல்லல்காரன் எழுதியது:
எங்கள் சிக்கல் நேரம்தான். ஆலையில் ஆறு மணிக்குப் பெண்கள் வந்துவிட வேண்டும், அவித்த நெல்லை வெயில் ஏறும் முன் களத்தில் பரப்பிக் காலால் கிளறி விடுகிற வேலை. பால்வாடி திறக்க ஒன்பதரை ஆகும். நடுவில் மூன்றரை மணி நேரம் பிள்ளையை என்ன செய்வது? ஒன்று களத்தில் சாக்கு மேல் கிடக்கும், இல்லை அக்காக்காரி வீட்டில் வைத்திருப்பாள், அவளுடைய பஸ் 7.40-க்குப் போய்விடும். காலை உணவுத் திட்டம் 2022-ல் மதுரையில் தொடங்கி, மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். மூன்று வயசுக்காரன் ஒன்பதரை வரைக்கும் வரக்காப்பியோடு இருக்கிறான்.

காலையில் ஆறிலிருந்து ஒன்பதரை வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று பேசினோம். பால்வாடிச் சாவியைத் தர முடியாது, வேறு ஆள் உள்ளே இருக்கக் கூடாது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று மேலே சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடம்தான் இல்லை.

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:
தம்பி, உங்க ஊரு செட்டியார் வீடு பன்னிரண்டு பூட்டிக் கிடக்குன்னு எழுதினீங்களே, அதுல ஒண்ணு என் நாத்தனார் புகுந்த வீடு. உள்ளே வளவெல்லாம் வௌவால் குடியிருக்கு, அது ஆகாது. முகப்பு நல்லா இருக்கு. ஆத்தங்குடிக் கல்லு, காலையில சில்லுன்னு இருக்கும், பாய் போட்டுக்கணும். பங்காளிக பதினொரு பேரு கையெழுத்துப் போடணும், அதுல ஒருத்தர் கலிபோர்னியாவுல இருக்காரு, ரெண்டு பேரு பேசிக்கிறதில்லை. நான் பேசறேன். வீடு பூட்டிக் கெடந்து இடியறதுக்கு நாலு பிள்ளைக ஓடி விளையாடட்டும். கெணத்துக்கு மட்டும் முதல்ல கம்பி வலை போட்டுருங்க.

ஓய்வு வாத்தியார் எழுதியது:
ஆச்சி, பதினொரு கையெழுத்து வாங்கிவிட்டால் உங்களுக்குத்தான் ஷீல்டு.

கல்லல்காரன் எழுதியது:
மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். ஒன்பது கையெழுத்து வந்தது, மீதி ரெண்டு பேர் போனில் ‘சரி’ என்றார்கள், ஆச்சி அதுவே போதும் என்றுவிட்டார். கிணற்றுக்கு வலை, பாய், மண்பானை, அப்புறம் பனங்கொட்டை வண்டி நாலு, எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு மாதம் ஆறாயிரம், வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம். காலையில் கேப்பைக் கூழும் சுண்டலும், அது வருஷத்துக்கு ஐம்பதாயிரம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பரிசுக்கு முப்பதாயிரம், சிங்கைவாசி அப்பா பேரில். மீதி வங்கியில்.

முதல் நாள் ஏழு பிள்ளைகள் வந்தன, இப்போது பதிமூன்று. ஒன்பதரைக்கு அந்த அம்மாவே வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பால்வாடியில் விட்டுவிடுகிறார், டீச்சருக்கும் சந்தோஷம், பதினொரு மணிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் நேரத்துக்கு வருகின்றன. 7.40 பஸ்ஸில் நேற்று நானே எண்ணினேன், எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் ஏறினார்கள். ஒன்பதும் இதனால்தான் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு தொல்லை. ஒன்றரை வயசுப் பிள்ளைகள் ரெண்டைக் கொண்டுவந்து முகப்பில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். ரெண்டு வயசுக்கு மேல்தான் என்று பேச்சு. அந்த அம்மா, இதெல்லாம் என்னால் முடியாது, கைப்பிள்ளையை எங்கே போடுவேன் என்கிறார். திருப்பி அனுப்பினால் அக்காக்காரிதான் நிற்பாள். என்ன செய்யலாம்?

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:
அனுப்பிராதீங்க. முகப்பு உத்தரத்துல இரும்பு வளையம் இருக்கும் பாருங்க, நல்ல வளையம். ஏணை கட்டப் பழைய கண்டாங்கி ரெண்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸுல குடுத்துவிடறேன், கல்லல் ஸ்டாண்டுல யாரையாவது நிக்கச் சொல்லுங்க.